மூவேழ் இருபத்தொன்று

பீல் நகரத்தில் எல்லாம் இரண்டு மொழியில் வரும்:
தெருப்பெயர், மின்கட்டணம், நாய்வரி.
இசை மண்டபத்துக் கடிதமும் அப்படித்தான்.
முகப்பில் இருபத்தொரு படிகள்.
கட்டடம் பழையது, ஒரு கல்லையும் தொடக் கூடாது.
வருந்துகிறோம் என்று ஜெர்மனில் ஒரு முறை,
பிரெஞ்சில் இன்னும் கொஞ்சம் நயமாக.
பின்பக்கம் வாருங்கள், மணி அடியுங்கள்,
லுசியென் வருவார்.

வந்தார்.
கழுத்தில் சாவிக்கொத்து, கையில் பாதி தின்ற ஆப்பிள்.
சக்கரத்தோடு உள்ளே வந்த பனித்தண்ணீரைத்
துடைக்கலாமா என்று
என்னைக் கேட்டுவிட்டுத் துடைத்தார்.

அது மனிதர் ஏறும் லிஃப்ட் அல்ல.
சுவரெங்கும் சாம்பல் கம்பளி அறைந்திருந்தது.
"பியானோவுக்குப் போட்டது," என்றார்.
"அதுவும் படி ஏறாது.
ஆனால் அதற்கு யாரும்
வருந்துகிறோம் என்று எழுதியதில்லை."

கதவு திறந்தது, நேரே மேடையில்.
படியேறி முகப்பால் வந்திருந்தால்
இதைப் பார்த்தே இருக்க மாட்டேன்:
எழுநூறு காலி இருக்கைகள்
என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன.

பிரேக் போட்டேன். டக்.
அந்த டக் போய்
வால்நட் மரச்சுவரைத் தொட்டு
கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்தது.
பகல் முழுக்கக் கைக்கடிகாரங்களைக்
காதோரம் வைத்துச் சோதிப்பவள் நான்.
சின்னச் சத்தங்களை எனக்குத் தெரியும்.
அவை இத்தனை தூரம் நடக்கும் என்று
தெரியாது.

"பாடிப் பாருங்கள்," என்றார் லுசியென்,
"இங்கே நிற்கிற எல்லாரும் ஒரு தரம் பாடுவார்கள்."
நான் நிற்கவில்லை. அதை அவரும் கவனித்து
ஆப்பிளைக் கடித்துக்கொண்டார்.

எங்கட ஊரில் பாட்டைப் படி என்போம்.
பாட்டுப் படி, இன்னொரு தரம் படி.
வெளியே முகப்பில் இருபத்தொன்று கிடக்கிறதே,
அதே படி.
இதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?
இரண்டிலும் முயன்றேன்.
இரண்டிலும் தலையாட்டினார். புரியவில்லை.

கூச்சத்தில் ஒரு பாட்டும் வரவில்லை.
வாய்க்கு வந்தது வாய்ப்பாடு.
ஓரேழ் ஏழு
ஈரேழ் பதினாலு
மூவேழ் இருபத்தொன்று

அங்கே நான் நிறுத்தினேன்.
இருபத்தொன்று நிறுத்தவில்லை.
மேல்மாடத்துக்கு ஏறி, சுண்ணாம்புப் பூக்களுக்குள் நுழைந்து,
ஒருவரும் தூக்காமல், ஒருவரையும் கேட்காமல்
இறங்கி வந்தது.

"இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல்," என்றார்.
"ஆட்கள் வந்ததும் குறையும்.
மேற்கோட்டுகள் குடித்துவிடும்.
ஜனவரியில் மொடாக்குடி."

மேடையிலிருந்து கீழே ஒரு பலகைச் சரிவு.
என் முகம் பார்த்தபடி
அவர் பின்னோக்கி நடந்தார், நான் முன்னோக்கி உருண்டேன்.
கடைசி வரிசை, பதினாலாம் எண்.
நாற்காலியைக் கழற்றிய இடத்தில்
நாலு திருகாணித் துளை.

மேற்கோட்டுகள் வந்தன, இருமின, அமைந்தன.
ஒரு செல்லோ மட்டும்.
அது ஒலித்த விதத்தை எழுத வேண்டும்.
எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.
தரை வழியாகச் சக்கரத்துக்கும்
சக்கரம் வழியாக முழங்கைக்கும் வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

மெதுவான பகுதியில், ஏறக்குறைய மௌனத்தில்,
என் கை வழுக்கி
டக்.
ஆள் நிறைந்த மண்டபத்தில் அது ஒல்லியான டக்.
பக்கத்து மனிதர்
தன் கைக்கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.
நான் அவரைக் காப்பாற்றவில்லை.

முடிந்ததும் எல்லாரும் படியால் வழிந்து போனார்கள்.
லிஃப்டில் நானும் செல்லோக்காரி அனூக்கும்.
அவள் பெட்டிக்கும் அடியில் சின்னதாய் இரண்டு சக்கரம்.
"பின்னால் எப்படிக் கேட்டது?"
"கடைசிச் சுரத்தை யாரோ ஒருவருடைய கோட்டு குடித்துவிட்டது."
சிரித்தாள். "நடுவில் ஒரு டக் கேட்டதே?"
"அது நான்."
கம்பளிச் சுவருக்குள் எங்கள் குரல்கள்
எதிரொலி இல்லாமல் பக்கத்திலேயே இருந்தன.
அவள் யோசித்தாள்.
"கால் தாளம் முந்திவிட்டீர்கள்," என்றாள்.